தீபாவளிக்கு முகநூல் கடையில் வாங்கிய சேலை: காசு கட்டும் முன் நான் பார்க்காமல் விட்டவை

போன தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை, தங்கச்சிக்கு ஒரு சுரிதார், அப்பாவுக்கு ஒரு சேட், மூன்றையும் ஒரே முகநூல் பக்கத்தில் ஓடர் பண்ணினேன். சேலை 3,990, சுரிதார் 2,990, சேட் 1,990, டெலிவரி 480. எல்லாம் சேர்த்து 9,450 ரூபாய். அம்மா இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய், அந்தக் கணக்கில் பார்த்தால் இது ஏழு முழுப் பேர், அதாவது ஏழு நாள் முழுச் சம்பளம். எடுக்க வேண்டிய கொழுந்தில் கிலோ குறையாமல், அரைப் பேர் என்று அரைநாள் சம்பளம் விழாமல், மழையில் நனைந்து அட்டைக்கடி வாங்கி ஏழு நாள் மலையில் நின்ற காசு. தீபாவளி முற்பணத்தில் இருந்துதான் எடுத்துக் கொடுத்தார். முற்பணம் என்றால் சும்மா கிடைப்பதில்லை, பண்டிகை முடிந்த பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே அந்தச் சேலைக்கு அம்மா தை, மாசி வரைக்கும் காசு கட்டிக்கொண்டிருந்தார்.

வந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்தது கரும்பச்சை உடலும் அரக்குக் கரையும் மாங்காய்ப் புட்டாவும் போட்ட காஞ்சிபுரம் பட்டு. பொதிக்குள் இருந்தது அதே நிறத்தில் அச்சடித்த மெல்லிய போலியெஸ்டர் துணி. கரையில் இருந்த ஜரிகை நெய்தது இல்லை, மஞ்சள் மையில் அடித்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறிப்போய் ஒன்றுமே இல்லை. அளவு நாடா வைத்து அளந்தேன், ஐந்து மீட்டருக்கும் குறைவு. சாதாரணமாகச் சேலை ஐந்தரை மீட்டர் இருக்கும், அதோடு சட்டைத்துணி தனியாக வரும், இதில் சட்டைத்துணியே இல்லை. தங்கச்சியின் சுரிதாருக்கு மேல் உடுப்பு மட்டும்தான் இருந்தது, காற்சட்டையும் இல்லை, சால்வையும் இல்லை. அப்பாவின் சேட் மட்டும் சேட்டாக இருந்தது, அளவுதான் இரண்டு சைஸ் சின்னது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய புரொபைல் படம் காணாமல் போய்விட்டது. என்னை புளொக் பண்ணியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்துக்கு நான் ஐந்துக்குக் கொடுப்பது பூச்சியம். பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது: இப்படியான பக்கங்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பவை, நான் இன்றைக்கு ஒரு பெயரை எழுதினால் நாளைக்கு நீங்கள் வேறு பெயரில் அதே ஆட்களிடம் மாட்டுவீர்கள். அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும், நான் எந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பதையும் எழுதினால்தான் பிரயோசனம். நான் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற ஆள், போன் பாவிக்கத் தெரியாதவள் இல்லை. எனக்கே இது நடந்தது என்றால், பிள்ளைகளின் போனில் படம் பார்த்து "இது நல்லா இருக்கு, எடுத்துக் குடு" என்று சொல்கிற எங்கள் பெரியம்மா, சித்திமாரை நினைத்துப் பாருங்கள்.

முதல் இடம், பக்கத்தின் வயசு. எந்த முகநூல் பக்கத்திலும் அறிமுகம் என்ற பகுதிக்குள் போனால் பக்கத்தின் வெளிப்படைத்தன்மை என்று ஒரு இடம் இருக்கும். அந்தப் பக்கம் எந்தத் திகதியில் தொடங்கியது, இதற்கு முன்பு என்னென்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும், நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் பல பக்கங்களில் இருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் அதைப் பார்த்தது புளொக் பண்ணிய பிறகு, தங்கச்சியின் போனில். பக்கம் பழையதுதான், ஆனால் அதன் முதல் பெயர் சினிமாத் துணுக்குப் பக்கம் மாதிரி ஒன்று, அடுத்த பெயர் போன் கவர் விற்கிற கடை, மூன்றாவது பெயர்தான் சேலைக்கடை. சேலைக்கடையாக மாறி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. நான் நம்பி ஏமாந்தது அதில் இருந்த இருபதாயிரத்துச் சொச்சம் ஃபொலோவர்ஸைப் பார்த்து. அந்த ஆட்கள் எல்லாம் துணுக்குப் படத்துக்கு லைக் போட்டவர்கள், ஒருவராவது அங்கே சேலை வாங்கியிருப்பார்களா என்பதே சந்தேகம். இப்போது நான் ஃபொலோவர்ஸ் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை, பழைய பெயரைத்தான் பார்க்கிறேன். மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகம் என்று ஒன்றும் இருக்கிறது, யாரும் போய்த் தேடலாம், பக்கத்தின் பெயரைப் போட்டால் இப்போது ஓடுகிற விளம்பரங்கள் என்னென்ன, எந்தத் திகதியில் தொடங்கியவை என்று காட்டும். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு திடீரென்று முளைத்து ஒரே சேலைக்குப் பத்து விளம்பரம் ஓடுகிற பக்கம் என்றால் நான் கிட்டவே போவதில்லை.

அடுத்தது படம். ஒரு படத்தைப் போட்டால் அது இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேடித் தருகிற கூகுள் லென்ஸில் அந்தச் சேலைப் படத்தைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் பிந்தித்தான். இந்தியாவில் உள்ள ஒரு பட்டுக் கடையின் இணையத்தளத்தில் அதே படம், அதே பெண், அதே மல்லிகைச்சரம். இந்திய ரூபாயில் அங்கே போட்டிருந்த விலை, நான் இலங்கை ரூபாயில் கட்டியதை விடப் பல மடங்கு. சரி, எல்லாக் கடையும் சொந்தமாகப் படம் எடுக்க முடியாது, மொத்த வியாபாரி அனுப்புகிற படத்தைத்தான் சின்ன வியாபாரிகள் போடுவார்கள், அது குற்றம் இல்லை. ஆனால் பொருள் கையில் இருக்கிற ஆளிடம் கேட்டால் உடனே ஒரு படம் எடுத்து அனுப்ப முடியும். நான் இப்போது எந்தக் கடையானாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "சேலையை விரித்து, முந்தானையைத் திருப்பிப் பின்பக்கம் தெரிய, பக்கத்தில் இன்றைய திகதி எழுதின தாளை வைத்து ஒரு சின்ன வீடியோ அனுப்புங்கள்." பின்பக்கம் ஏன் என்றால், நெய்த ஜரிகைக்குப் பின்பக்கம் நூல் ஓடியிருப்பது தெரியும், அல்லது வெட்டிய நூல்முனை தெரியும், அச்சடித்த துணிக்கு அது இருக்காது. அந்தப் பக்கத்திடம் நான் வேறு படம் கேட்காமல் இல்லை, கேட்டேன். "சிஸ், ஓடர் நிறைய, பெக் பண்ணி முடிஞ்சுது, இப்ப திறக்க ஏலாது" என்றார்கள். அந்தப் பதிலிலேயே நான் விட்டிருக்க வேண்டும். ஸ்டொக் இரண்டுதான் மிச்சம் என்று அடுத்த மெசேஜ் வந்தது, நான் அவசரப்பட்டேன்.

விலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். பட்டு நூல் விலை கூடியது, காஞ்சிபுரம் சேலை தறியில் நாள் கணக்கில் நெய்வது, அதற்கு மேல் கப்பல் செலவு, வரி, வியாபாரியின் இலாபம். இவ்வளவும் சேர்ந்து 3,990 ரூபாய்க்கு ஒரு அசல் பட்டுச் சேலை கொட்டகலைக்கு வந்து சேர வழியே இல்லை. இதை நான் ஒரு கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்து யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இந்தியாவில் அசல் பட்டுக்கு மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் சில்க் மார்க் என்ற அடையாளச் சீட்டு இருக்கிறது, ஹொலோகிராம் ஒட்டியது. பட்டு என்று சொல்லி விலை கூட்டிக் கேட்கிறவரிடம் அந்தச் சீட்டின் படத்தைக் கேளுங்கள். சொற்களையும் கவனியுங்கள். ஆர்ட் சில்க் என்று போட்டிருந்தால் எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் ஏதோ கலைவேலைப்பாடு உள்ள பட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆர்டிஃபிஷல் என்பதன் சுருக்கம், செயற்கைப் பட்டு, ரேயோனோ போலியெஸ்டரோ. செமி சில்க் என்றால் கலப்பு. இவை கெட்ட துணி என்று நான் சொல்லவில்லை, ஆர்ட் சில்க் சேலை பார்க்கவும் கட்டவும் நன்றாகவே இருக்கும், 3,990 அதற்கு நியாயமான விலையாகவும் இருக்கலாம். அதைக் காஞ்சிபுரம் பட்டு என்று சொல்லி விற்பதுதான் களவு.

துணி என்ன என்று உறுதியாகத் தெரிய நான் செய்தது, சேலை ஓரத்தில் தொங்கிய நூலில் இரண்டை வெட்டிக் குறடால் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தீக்குச்சியில் காட்டியது. பட்டு என்றால் முடி கருகின மாதிரி மணக்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி கடதாசி எரிகிற மாதிரி எரியும். எங்கள் சேலை உருகிக் கறுப்பு உருண்டையாகக் கெட்டிப்பட்டது, பிளாஸ்டிக் நாற்றம். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, போய் அடுப்பில் பருப்பைக் கிண்டினார்.

காசு கட்டின விதம். 4,500 முன்பணம், மிச்சம் 4,950 பொதி வரும்போது. "தீபாவளி டைம், திருப்பி அனுப்புறவங்க கூட, அதனால அரைவாசி அட்வான்ஸ்" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. அனுப்பச் சொன்னது ஒரு வங்கிச் சேமிப்புக் கணக்குக்கு, கணக்கு ஒரு ஆளின் பெயரில், அந்தப் பெயருக்கும் கடையின் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் இருந்து நடத்துகிற சின்ன வியாபாரிகள் தங்கள் சொந்தக் கணக்கைக் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் அந்த ஆள் யார் என்று பக்கத்தில் எங்கேயாவது தெரிய வேண்டும், முகம் தெரிய வேண்டும், குரல் கேட்டிருக்க வேண்டும். நான் அவர்களுடைய போன் இலக்கத்துக்கு ஒரு தடவைகூட நேரடியாகக் கோல் எடுக்கவில்லை, எல்லாம் மெசேஜ். பிறகு எடுத்துப் பார்த்தால் சிம் வேலை செய்யவில்லை, வட்ஸ்அப் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வங்கிக்கு ஒரு தடவை அனுப்பிய காசைத் திரும்ப எடுப்பது மிகவும் கஷ்டம், வாங்கின ஆள் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் பொலிஸ், நீதிமன்றம் என்று போக வேண்டும். கார்ட் என்றால் பொருள் வரவில்லை, சொன்னதற்கு மாறாக வந்தது என்று வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கிறது. ஆனால் கார்ட் இலக்கத்தையோ போனுக்கு வருகிற ஓடிபியையோ மெசேஜில் கேட்டால் அது கடையே இல்லை, அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இனி, தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல். கொழும்பில், கண்டியில் இருந்துகொண்டு ஒன்லைன் கடைகளைப் பற்றி அறிவுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: பொதி வந்த பிறகு காசு கொடுக்கிற முறையில் வாங்குங்கள், பயமில்லை. எங்களுக்கு அது அப்படி இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எத்தனையோவற்றில் இன்றைக்கும் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது, கடிதம் வந்தால் தோட்டக் காரியாலயம் வழியாகத்தான் கைக்கு வரும். கூரியர் தம்பி தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, மேல் டிவிசனுக்கு வரமாட்டார், பாதை அப்படி. "அக்கா, நான் சந்தியில நிக்கிறேன், பத்து நிமிசத்துல வாங்க" என்பார். அந்த நேரம் அம்மா மலையில், நான் ஹட்டனில், தங்கச்சி பள்ளிக்கூடத்தில். ஆகவே சந்திக்கடை அண்ணனுக்குக் கோல் எடுத்துச் சொல்வோம், அவர் தன் லாச்சியில் இருந்து காசைக் கொடுத்துப் பொதியை வாங்கி வைப்பார், பின்னேரம் நாங்கள் போய்க் காசைக் கொடுத்து எடுத்துக்கொள்வோம். இதில் பொதியைப் பிரித்துப் பார்க்க இடமே இல்லை. டவுனில் வாசலில் நின்று வாங்குகிறவருக்கும் காசு கொடுக்கும் முன் பிரிக்க விடமாட்டார்கள்தான், ஆனால் அவர் குறைந்தது கையில் தூக்கிப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். சந்திக்கடை அண்ணன் எங்களுக்காக அதைச் செய்யத் துணியமாட்டார், பிள்ளைகளின் தீபாவளி உடுப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்ற சொல் வந்துவிடுமே என்று பயப்படுவார். என்னைக் கேட்டால் களவு செய்கிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். முகவரியில் தோட்டம், டிவிசன் என்று இருந்தாலே இவர்கள் திருப்பி அனுப்பமாட்டார்கள், தேடியும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள்.

ஆகவே நாங்கள் இப்போது செய்வது இது. கடைக்காரரிடம் ஓடர் பண்ணும் போதே பொதியின் எடையைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். கரை கனத்த பட்டுச் சேலை அரைக்கிலோவுக்கு மேலே இருக்கும், அச்சடித்த போலியெஸ்டர் கையில் காற்று மாதிரி. சந்திக்கடை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பொதி வந்ததும் காசு கொடுக்கும் முன் மேலே ஒட்டியிருக்கிற சீட்டை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் என்று. அனுப்பியவர் பெயரும் போன் இலக்கமும் அதில் இருக்கும். நான் பேசிய கடையின் இலக்கமும் அதுவும் வேறு வேறாக இருந்தால் நானே அவருக்குச் சொல்லிவிடுவேன், வேண்டாம் அண்ணன், அனுப்பிவிடுங்கள் என்று. முடிவு என்னுடையது ஆகிவிடுகிறது, அவருக்குச் சங்கடம் இல்லை. பொதியைப் பிரிக்கும் போது தங்கச்சி போனில் வீடியோ எடுப்பாள், சீட்டில் தொடங்கி நிறுத்தாமல் கடைசி வரைக்கும். நல்ல கடைகளே இப்போது அந்த வீடியோவைக் கேட்கிறார்கள், அது இருந்தால்தான் மாற்றித் தருவோம் என்று.

கொமண்டுகளைப் பற்றி இரண்டு வரி. முகநூல் முதலில் காட்டுவது பொருத்தமானவை என்று அதுவே தெரிவு செய்கிற கொமண்டுகளை மட்டும். எல்லாக் கொமண்டும் என்று மாற்றிவிட்டு வாசியுங்கள். விலை கேட்டால் எல்லாருக்கும் "இன்பொக்ஸ் பண்ணுங்க" என்று மட்டும் பதில் இருக்கிற பக்கம், கொமண்டை மூடி வைத்திருக்கிற பக்கம், இரண்டும் எனக்கு வேண்டாம். சிரிப்பு முகமும் கோப முகமும் நிறைய விழுந்திருக்கிற பதிவில் கொமண்டு மட்டும் எல்லாம் புகழ்ச்சியாக இருந்தால், ஏசினதை அழித்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாஷையும் ஒரு அடையாளம் என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் "இலவச கப்பல்" என்று போட்டிருந்தார்கள் (என்னிடம் டெலிவரிக்கு 480 வாங்கியது வேறு கதை), ஆங்கிலத்தில் டெலிவரி இலவசம் என்பதை மெஷினில் போட்டு மாற்றியது. ஆனால் இதில் நான் கொஞ்சம் நிதானமாக இருக்கிறேன். நேர்மையான சிங்கள வியாபாரிகள் எத்தனையோ பேர் எங்களுக்காகத் தமிழில் எழுதப் பார்த்துப் பிழையாக எழுதுகிறார்கள். பிழைத் தமிழை வைத்து அவர்களைக் கள்ளர் என்று சொன்னால் பாவம். கோல் எடுத்தால் கொச்சைத் தமிழில் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் நான் பயமில்லாமல் வாங்குவேன்.

இணையத்தளக் கடைகள் வேறு மாதிரி. அங்கே பக்கத்தின் பழைய பெயரைப் பார்க்க முடியாது, ஆனால் ஹூ இஸ் (whois) என்று தேடினால் வருகிற சேவைகளில் தளத்தின் முகவரியைப் போட்டால், பல தளங்களுக்கு அவை எந்தத் திகதியில் பதிவானவை என்று காட்டும். போன மாதம் பதிவான கடை இருபது வருட அனுபவம் என்று எழுதியிருந்தால் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அந்தப் பூட்டு நீங்கள் அனுப்புகிற தகவலை வழியில் யாரும் வாசிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான், அது இலவசமாகவே கிடைக்கிறது, கள்ளத் தளத்துக்கும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் எண்பது வீதக் கழிவு, பக்கத்தில் ஓடுகிற கடிகாரம், பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடுகிறது என்றால் விட்டுவிடுங்கள். இலங்கைக் கம்பனி என்று சொன்னால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். தனியார் கம்பனிகளுக்கு பிவி என்று தொடங்குகிற இலக்கம் இருக்கும், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஒரு ஆள் நடத்துகிற சின்னக் கடையாக இருந்தால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ்தான் இருக்கும், அதில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்லைனில் வாங்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பதுளைப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா வீட்டில் வைத்துச் சேலை விற்கிறார், தைப்பொங்கலுக்கு அவரிடம் அம்மாவுக்கு ஒன்று வாங்கினேன். நான் கேட்ட வீடியோவை அரைமணித்தியாலத்தில் அனுப்பினார், குசினி ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. நான் பட்டா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "இல்ல தங்கச்சி, இது ஆர்ட் சில்க். தண்ணியில போடலாம், வெந்நீர் வேணாம். வெயிலில பார்த்தா படத்தில இருக்கிறத விட நிறம் கொஞ்சம் கூட." விற்க வேண்டிய ஆளே குறையைச் சொன்னதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. விலை 4,200, முன்பணம் கேட்கவில்லை, டெலிவரிக்கு மட்டும் முதலில் போடச் சொன்னார். குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்பது நாள் எடுத்தது, மழையில் பாதை சரியில்லை என்றார், சட்டைத்துணியின் நிறமும் கரையோடு முழுசாகச் சேரவில்லை. ஆனால் இரண்டு தடவை அவராகவே கோல் எடுத்து எங்கே நிற்கிறது என்று சொன்னார். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அம்மா அதைத்தான் கோயிலுக்குக் கட்டுகிறார்.

ஸ்வெட்டர், ஜெர்சி, குளிருக்கான உடுப்பு எதையும் நான் படம் பார்த்து வாங்குவதில்லை. அதற்கு நுவரெலியா பேல் பஜாருக்குப் பஸ் ஏறுவது மேல். ஹட்டனில் இருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாகப் போய் இறங்கி, கையை உள்ளே விட்டுப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். எங்கள் குளிருக்கு எந்தத் துணி தாங்கும், மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் எது காயும் என்பது தொட்டால்தான் தெரியும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், அந்தக் கணக்கு இலக்கத்தோடு. நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. கள்ளப் பக்கம், கள்ளத் தளம் என்றால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் (CERT) அமைப்புக்கு 101 இல் சொல்லலாம். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிறதானால் வங்கிச் சிட்டை, மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷொட், பொதியின் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மிக முக்கியமாகப் பக்கத்தின் பெயரை மட்டும் எழுதாமல் அதன் முழு முகவரியையும் கொப்பி பண்ணி வைத்துக்கொள்ளுங்கள், பெயர் மாறினாலும் அதை வைத்துத் தேட இடம் இருக்கும். நான் புளொக் ஆனதும் கோபத்தில் அந்த மெசேஜ்களில் பாதியை அழித்துவிட்டேன். அழிக்காதீர்கள். 4,500 ரூபாய்தானே என்று சும்மா இருக்கவும் வேண்டாம், ஒரே கணக்கு இலக்கத்துக்கு எதிராகப் பத்துப் பேர் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. என் முறைப்பாடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இந்த வாரம் தங்கச்சியின் போனில் அதே படம் மறுபடி வந்தது. கரும்பச்சை உடல், அரக்குக் கரை, மாங்காய்ப் புட்டா, அந்தப் பெண் இடது தோளில் மல்லிகைச்சரத்தை முன்னால் விட்டபடி கல்தூண் ஒன்றில் சாய்ந்து நிற்பாள். பக்கத்தின் பெயர் புதியது, விலை இப்போது 3,490, மிச்சம் இரண்டு என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் போனிலோ அம்மாவின் போனிலோ அந்தப் படம் வந்தால் காசு அனுப்பாதீர்கள், பக்கத்தின் முகவரியைக் கொப்பி பண்ணி 101க்குச் சொல்லுங்கள்.